கையை எடுக்காதவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள், டைரக்டர் சார்.

போன மாதம், கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில், உங்கள் கம்பெனியின் பாதுகாப்பு வார விழாவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "அன்றைக்குப் புயலில் சிக்கிய நம் தொழிலாளர்கள் எல்லோரையும் உயிரோடுதான் கடற்படைக் கப்பலில் ஏற்றினோம். வெல்டர் ஏழுமலை அந்தக் கப்பலில், மெடிக் கையில்தான் இறந்தார். உயிர் இல்லாத ஒருவருக்குக் கரை வந்து சேரும்வரை யாராவது சிகிச்சை செய்வார்களா? நீங்களே யோசித்துப் பாருங்கள்" என்றீர்கள். முன்வரிசையில் ஏழுமலையின் மனைவி கோமளா உட்கார்ந்திருந்தார். சற்று முன்புதான் அவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டிருந்தீர்கள். அந்தச் சால்வையோடு உட்கார்ந்து இதைக் கேட்டார்.

அந்த மெடிக் உயிரோடு இருந்த வருடங்களில் நீங்கள் இதை எங்கேயும் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்கு முன்னால் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு சொன்னீர்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்கிற தைரியம்.

நான் பின்வரிசையிலிருந்து எழுந்து கத்தினேன். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டார்கள். இரண்டு செக்யூரிட்டி ஆட்கள் கையைப் பிடித்து வண்டி நிறுத்துகிற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் வெல்டர். ஏழுமலையோடு அன்றைக்கு அதே கடலில் கிடந்தவன். என் குரல் மைக்கை மீறிக் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் கம்பெனி பெயரை எழுதவில்லை. உங்களுக்கும் தெரியும், மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

முதலில் அவர் யார் என்று சொல்கிறேன். உங்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சமாவது தடுக்கியிருக்கும்.

கடம்பத்தூர்க்காரர். கடற்படையில் மெடிக், அதாவது கப்பலோடு போகிற மருத்துவ உதவியாளர். தெருவில் யாராவது 'டாக்டர் சார்' என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "டாக்டரு ஆஸ்பத்திரில கீறாரு. நான் மெடிக்கு" என்பார். குள்ளமான, அகலமான ஆள். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. கப்பலில் காற்றோடு போட்டி போட்டுக் கத்திய குரல் அது. வீட்டுக்குள் உப்பு கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும்.

யாரைப் பார்த்தாலும் கையைப் பிடிப்பார். குலுக்குவது கிடையாது, பிடித்து வைத்துக்கொள்வார். பேச்சு ஊர்க்கதை, கிரிக்கெட், மாவு விலை என்று போய்க்கொண்டிருக்கும். அவர் விரல் நம் மணிக்கட்டில் போய் உட்கார்ந்திருக்கும். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "கல்யாணத்தன்னிக்கு கையப் புடிங்கன்னு ஐயரு சொன்னாரு. இவரு நாடி பாத்துக்கினு நிக்கிறாரு. 'இன்னா இவ்ளோ வேகமா ஓடுது, பயப்படாத'ன்னு காதுல சொல்றாரு. பயமாவது ஒண்ணாவது. காத்தாலேர்ந்து நாஷ்டா துன்னல, பசி!"

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ஆயிரம் முறை சொல்லியிருப்பார். "ஒருத்தன் மேல கை வெச்சன்னா, இன்னொரு கை வர்ற வரிக்கும் எடுக்காத." இதைப் பெரிய தத்துவம் மாதிரி சொல்ல மாட்டார். நம் வீட்டில் கேஸ் அடுப்பை அணைக்கச் சொல்வது மாதிரி சொல்வார்.

ஒரு நாள் சென்ட்ரலில் இருந்து அவரும் நானும் ரயிலில் வந்துகொண்டிருந்தோம். ஆவடி தாண்டியதும் கதவோரம் நின்றிருந்த ஒரு ஆள் அப்படியே சரிந்து விழுந்தான். சாராய வாடை. எல்லோரும் காலை இழுத்துக்கொண்டார்கள். இவர் போய்க் கையை வைத்துவிட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று. செவ்வாப்பேட்டையில் அவனைத் தூக்கி இறக்கி நடைமேடையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் ரயில் போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போனது.

பூ விற்கிற ஒரு அம்மா கூடையோடு வந்து பார்த்தார். "சார், இது டெய்லி கேஸு. வுட்டுட்டுப் போ. தெளிஞ்சா தானா எழுந்து பூடுவான்."

"தெளியற வரிக்கும் கூட குந்திக்கினு கீறேன். உனக்கின்னா பேஜாரு?"

அந்த நேரம் பார்த்து அவன் வாந்தி எடுத்தான். இவர் சட்டை, பேன்ட் எல்லாம் போனது. எனக்கு எரிச்சல். "நான் அப்பவே சொன்னேன்ல சார், குடிகாரன்தான்" என்றேன்.

"ஆமாண்டா, குடிகாரன்தான். மல்லாக்க வுட்டிருந்தா இதெல்லாம் தொண்டையில போய் அடைச்சிருக்கும். நாடி பாரு, எப்டி ஓடுதுன்னு. குடிச்சவனுக்கும் ஓடும்டா அது."

கடைசியில் அந்த ஆளுடைய தம்பி தேடிக்கொண்டு வந்தான். வந்ததும் நன்றி சொல்வான் என்று பார்த்தால், "யோவ், யாருய்யா நீ? எங்கண்ணன் பாக்கெட்டுல கை வெச்சியா?" என்றான். நான் அடிக்கப் போனேன். இவர் சிரிக்கிறார். "பாக்கெட்டுல இல்ல நைனா, கைல வெச்சேன். இந்தா புடி. இனிமே உன் கை" என்று அண்ணன் கையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். வீடு வரைக்கும் அந்த நாற்றத்தோடு வந்தோம்.

பெரியபாளையத்தில் ஒரு ஆடி மாதம். வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் வெயிலில் மயங்கி விழுந்தார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். ஒரு பெரியவர் குறுக்கே கையை நீட்டினார். "ஆத்தா எறங்கியிருக்கா. ஆம்பள கை படக்கூடாது."

"சரி பெரியவரே. அப்ப பொம்பள கை வெக்கலாம்ல?" என்று திரும்பி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். இவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு கத்துகிறார்: "நிழலுக்கு இஸ்து வா. கால மேல தூக்கு. தண்ணிய மூஞ்சில ஊத்தாத, கைல கால்ல ஊத்து. ஆத்தாளுக்கு தாகம் எடுத்திருக்கும், கண்ணத் தொறந்தா கொஞ்சம் கொஞ்சமா குடு." அந்தப் பெண் கண்ணைத் திறந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற வரைக்கும் திரும்பவும் இல்லை, நகரவும் இல்லை. பெரியவரே வந்து இவர் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

கடலில் செய்ததைப் பற்றி அவராகச் சொல்ல மாட்டார். கேட்டால் திட்டு விழும். ஒரு முறை மட்டும் சொன்னார். இஞ்சின் பழுதாகித் திசை தெரியாமல் மிதந்த ஒரு மீன்பிடிப் படகு. நாக்கு வீங்கிக் கிடந்தவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் தண்ணீர், தண்ணீர் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மொத்தமாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது. ஈரத் துணியால் உதட்டைத் துடைத்து, ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்திருக்கிறார். "ஒருத்தன் எங்கம்மாவ இஸ்து வெச்சு திட்டுனான் பாரு, அப்டி ஒரு திட்டு! எனக்கு சந்தோசம் தாங்கல. திட்றவன் பொழைச்சிப்பான்டா. கம்முனு கெடக்கறவன்தான் பயம்."

இனி அந்த நாளைச் சொல்கிறேன், டைரக்டர் சார். நீங்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

கடலுக்குள் குழாய் பதிக்கிற வேலை. எங்களை பார்ஜில் ஏற்றி அனுப்பினீர்கள். பார்ஜ் என்றால் இஞ்சின் கிடையாது. தட்டையான இரும்பு மிதவை. இழுவைப் படகு இழுத்துக்கொண்டு போய் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுப் போகும். நாங்கள் எல்லோரும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஷெட் ஆட்கள். வெல்டர், கேஸ் கட்டர், ஹெல்பர். நெல் வயல் பார்த்து வளர்ந்தவர்கள். கடலில் பிறந்து வளர்ந்தவன் ஒருவன்கூட எங்களில் இல்லை.

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். கடைசி இழுவைப் படகில் உங்கள் சூப்பர்வைசர், "கரைக்குப் போய் படகு அனுப்பறேன், எல்லாரையும் இட்டுக்கினு போய்டலாம்" என்று ஏறிப் போனார். லைஃப் ஜாக்கெட் வைத்த கன்டெய்னருக்கு அவர்தான் பூட்டுப் போட்டிருந்தார், காணாமல் போகிறதாம். சாவியோடு போய்விட்டார். வேறு படகு வரவில்லை. பூட்டை கேஸ் கட்டரால் அறுக்கப் பார்த்தோம். மழையில் தீ நிற்கவில்லை. பார்ஜ் ஒரு குலுக்கு குலுக்கியதும் சிலிண்டர் உருண்டு கடலில் விழுந்தது.

அப்புறம் நாங்கள் செய்ததுதான் பெரிய தப்பு. எங்கள் ஷெட்டில் சேஃப்டி பெல்ட் இல்லாமல் ஏணியில் கால் வைத்தால் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். வருடக்கணக்காக ஊறிப்போன பழக்கம். பயம் என்றால் பெல்ட். யாரும் சொல்லாமலே எல்லோரும் பெல்ட்டை மாட்டி, கொக்கியை பார்ஜின் ஓரக் கம்பியில் போட்டோம். ஏழுமலை சிரித்தான். "கொக்கி போட்டாச்சிடா. இனிமே எமனே வந்தாலும் நம்மள இஸ்துகினு போவ முடியாது." உயரத்தில் இருந்து விழுகிறவனைத்தான் அந்த பெல்ட் காப்பாற்றும். கட்டின கம்பியே முழுகினால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

நங்கூரச் சங்கிலி அறுந்து பார்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் ஏழுமலை இருந்தான். மற்ற எல்லோரும் கொக்கியைக் கழற்றிக்கொண்டு மேல் பக்கம் ஏறிவிட்டோம். அவன் கொக்கி கழலவில்லை. எடை இழுக்கும்போது திறந்துகொள்ளக் கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். கம்பியோடு அவன் தண்ணீருக்குள் போனான். நான் இறங்கப் பார்த்தேன். ஒரு குழாய் உருண்டு வந்து என் கால் எலும்பை நொறுக்கிவிட்டுப் போனது. அங்கேயே விழுந்துகிடந்தேன். ஏழுமலை போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேலே வரவில்லை.

கடற்படைக் கப்பல் வந்து ரப்பர் படகை இறக்கியது அதற்கும் வெகுநேரம் கழித்து. இதை நன்றாகப் படியுங்கள்: வெகுநேரம் கழித்து.

முதலில் பார்ஜில் குதித்தது அந்த மெடிக்தான். குதித்ததும் என் காலில் கையை வைத்து அழுத்தினார். கசிந்துகொண்டிருந்த ரத்தம் நின்றது. "பேரு இன்னா? எந்த ஊரு?" சொன்னேன். "நான் கடம்பத்தூர்டா! வேற யாரு மோசமா கீறாங்க?" நாங்கள் எல்லோரும் தண்ணீரைக் காட்டினோம். அவரோடு வந்த முக்குளிப்பவர் உள்ளே போய் பெல்ட்டை அறுத்து ஏழுமலையை மேலே கொண்டுவந்தார். மெடிக் என் கையைப் பிடித்து என் காயத்தின் மேலேயே வைத்தார். "நீயே அமுத்திக்கோ. வுட்ட, ஒதப்பேன்." அதற்குப் பிறகுதான் தன் கையை எடுத்தார். ஏழுமலையிடம் போனார்.

ஏழுமலைக்கு மூச்சு இல்லை. எனக்கு எட்டுகிற தூரத்தில் படுக்க வைத்தார்கள். வாயில் நுரை. உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது, மழைத்துளி விழுந்தும் இமைக்கவில்லை. அவர் கன்னத்தை அவன் வாய்க்கு அருகில் வைத்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பின் ஊத ஆரம்பித்தார், மார்பை அழுத்த ஆரம்பித்தார்.

அந்த அலையில் அவனை எப்படிக் கப்பலில் ஏற்றினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கப்பலில் டாக்டர் கிடையாது, சின்னக் கப்பல். அவரும் இன்னொரு மெடிக்கும் மட்டும்தான். அந்த இன்னொருவர் கேரளாக்காரர். ஒருவர் மார்பை அழுத்தி ஓய்ந்ததும் மற்றவர் மாறுவார். ஆடுகிற ஆட்டத்தில் இவர்கள் சறுக்கிப் போகாமல் இருக்க இரண்டு மாலுமிகள் இவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். உடம்பு விறைத்துப்போனவர்களைக் கம்பளியில் சுற்றினார்கள். எங்களில் ஒருவன் தூங்கத் தூங்க, கேரளாக்காரர் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஏழுமலையைத் தவிர அன்றைக்கு பார்ஜில் இருந்த எல்லோரும் இன்றைக்குச் சோறு தின்றுகொண்டு நடமாடுகிறோம் என்றால் அந்த இரண்டு பேரால்தான். இதை எந்த மேடையிலும் சொல்வேன். பெருமையாகச் சொல்வேன்.

அவர் ஏழுமலையோடு பேசிக்கொண்டே அழுத்தினார். "டேய் ஏழுமல, உன் பொண்டாட்டி பேரு இன்னாடா? யோவ், இவன் பொண்டாட்டி பேரு இன்னா?"

"கோமளா சார்."

"ஏழுமல, கோமளா கேப்பாடா. நான் போய் இன்னா சொல்றது? எழுந்து நீயே வந்து சொல்றா."

எங்களில் ஒருவன் தாங்க முடியாமல் அழுதான். "போதும் சார். அவன் பூட்டான் சார். வுட்ருங்க சார்."

"நீ டாக்டரா?"

"இல்ல சார்."

"நானும் இல்ல. வாய மூடிக்கினு அந்தக் கம்பளியப் புடி."

கரை வந்து டாக்டர் கப்பலில் ஏறி ஏழுமலையின் பக்கத்தில் மண்டி போட்டு உட்காரும்வரை அழுத்தினார். டாக்டர் அவர் தோளைத் தொட்டார். இவர், "சார், நீங்க கை வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "வெச்சுட்டேன்பா, நீ எடு" என்றார் டாக்டர். அப்போதுதான் எடுத்தார். எழுந்திருக்க முடியவில்லை. கப்பல் தளத்தில் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதில் மண்டி போட்டே கிடந்ததில் இரண்டு முழங்காலும் சதை பிய்ந்திருந்தது. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

இதைத்தான் நீங்கள் அவருக்கு எதிராகத் திருப்பினீர்கள். பார்ஜிலேயே செத்தான் என்றால் அந்தப் பூட்டுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும், கப்பலில் செத்தான் என்றால் வேண்டாம். அவ்வளவு நேரம் விடாமல் செய்தாராம், அதனால் உயிர் இருந்திருக்க வேண்டுமாம். அவரிடம் இருந்த மிகப் பெரிய நல்ல குணத்தையே எடுத்து அவர் கழுத்தில் கட்டினீர்கள்.

இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். அவர் கோமளா.

என் காலில் கட்டுப் பிரித்ததும் மெடிக் லீவில் வந்தார். "வாடா, அந்தம்மா ஊட்டுக்குப் போவணும்" என்றார். கும்மிடிப்பூண்டியை ஒட்டிய கிராமம். கோமளா நாற்காலி எடுத்துப் போட்டார். இவர் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "அம்மா, நான்தான் கப்பல்ல ஏழுமல கூட இருந்தேன். எது வேணா கேளு. தெரிஞ்சத சொல்றேன்."

"கடைசியா எதனா சொன்னாரா சார்?"

"இல்லமா. தண்ணிலேர்ந்து எடுக்கறப்பவே மூச்சு இல்ல."

ஏதாவது ஒரு நல்ல வார்த்தை, உன் பேரைச் சொன்னான் என்று ஒரு சின்னப் பொய், சொல்லியிருக்கலாம். எனக்கே அப்படித்தான் தோன்றியது. அவர் சொல்லவில்லை.

கோமளா அடுத்ததைக் கேட்டார். "மூச்சே இல்லன்னா, அப்பால எதுக்கு சார் கரை வர்ற வரிக்கும் அமுத்திக்கினே இருந்தீங்க? இவங்கல்லாம் சொன்னாங்க."

"மூச்சு இல்லன்றது எனக்குத் தெரியும்மா. திரும்ப வராதுன்றது எனக்குத் தெரியாதே. அத டாக்டருதான் சொல்லணும். அதுவரிக்கும் எப்டிமா கைய எடுக்கறது?"

கோமளா அழுதார். அதற்கு முன் அவர் அழவே இல்லை என்று அவர் மாமியார் பிறகு என்னிடம் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார். இவர் டம்ளரை வாங்கியவர், பழக்கத்தில் கோமளாவின் கையையும் பிடித்துக்கொண்டார். கோமளாவும் இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏழுமலை திதிக்கு வருவார். படையில் இருந்த வரைக்கும் லீவு கிடைத்தால், ஓய்வு பெற்றபின் தவறாமல். சோறு சாப்பிடுவார், கோமளாவின் மாமியாருக்கு பிரஷர் பார்ப்பார், உப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டுவார், கிளம்புவார்.

ஓய்வு பெற்று வந்த புதிதில் அவர் தெருப் பையன்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பெரிய படம், பின்னால் கப்பல், அலை, மேலே 'கடலில் வந்த கடவுள்' என்று எழுத்து. அவர் வெளியே வந்து பார்த்தார். தெருவே அதிர்ந்தது. "கடவுளாம்! இன்னாடா நெனச்சிக்கினு கீறீங்க? கூட ஒருத்தன் இருந்தான், அவன் போட்டோ எங்க? தண்ணில எறங்கி பெல்ட்ட அறுத்தானே, அவன் எங்க? கப்பல ஓட்னவன் எங்க? நான் ஒண்டியா குந்திக்கினு இருந்தேனா அங்க?" பையன்கள் நடுங்கிப்போனார்கள். கடைசியில் ஃப்ளெக்ஸைக் கழற்றி ஒரு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார்கள். படைக்காரர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று யார் வந்தாலும் இதே பதில்தான். தனியாக மேடை ஏற மாட்டார்.

அவர் இறந்த செய்தி கேட்டு அந்தக் கேரளாக்காரர் ரயில் பிடித்து வந்தார். இறந்தவருடைய முன்கையில் தன் கையை வைத்துக்கொண்டு, தூக்குகிற நேரம் வரை நின்றார். அந்த மனிதரைக் கேட்டிருக்கலாம், டைரக்டர் சார். போன் போட்டால் சொல்வார். நீங்கள் கேட்கவில்லை.

உங்கள் விழா முடிந்த மறுநாள் காலையில் கோமளா என் வீட்டுக்கு வந்தார். சால்வையைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். எனக்கு நோவும்னு மறைக்காத. கப்பல்ல ஏத்தறப்ப அவருக்கு உயிரு இருந்துச்சா?"

"இல்லமா. நான் பக்கத்துல கெடந்தேன்."

"அந்த சார் வருசா வருசம் எங்க ஊட்ல வந்து சோறு துன்னுட்டுப் போனாரு. எம்மூஞ்சியப் பாத்து பொய் சொல்லிட்டா போனாரு?"

"அவரு பொய் சொல்லலமா. டைரக்டரு சொல்றாரு பொய்."

"நீ அப்டிதான் சொல்லுவ. உன் கால அவருதான காப்பாத்துனாரு." சால்வைப் பையைக் கீழே வைத்து, "அவ்ளோ பேரு முன்னால, மைக்குல, பொய் சொல்லுவாங்களாண்ணா?" என்றார்.

மைக்கில் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பெண். நான் என் வீட்டுக்குள் நின்று இல்லை, இல்லை என்று சொல்லி என்ன ஆகப் போகிறது? அவருக்கு ஒரே ஒரு நிம்மதி இருந்தது, டைரக்டர் சார். தன் புருஷன் கடைசியில் யாருமில்லாமல் கிடக்கவில்லை, ஒரு நல்ல மனிதன் கையில் இருந்தான், அந்த மனிதன் தன்னிடம் உண்மை பேசினான் என்கிற நிம்மதி. அதை நீங்கள் சால்வை போட்ட கையாலேயே பிடுங்கிக்கொண்டீர்கள். இந்த வருடத் திதிக்கு அந்த மெடிக் பெயரைச் சொல்லிக் கோமளா ஒரு இலை போடுவாரா, மாட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

அதனால் என்னைச் சமாதானப்படுத்த ஆள் அனுப்ப வேண்டாம். வருத்தம் தெரிவித்து ஆபீசுக்குள் ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். அதே மண்டபத்தை எடுங்கள். அதே மைக். கோமளாவை அதே முன்வரிசையில் உட்கார வையுங்கள், அக்காவையும் கூப்பிடுங்கள். நாங்கள் எல்லோரும் வருகிறோம். கேரளாக்காரரை நான் கூட்டி வருகிறேன்.

அன்றைக்கு பார்ஜில் இருந்தவர்கள் நாங்கள் தொழிலாளர்கள் மட்டும்தான். கப்பலில் இருந்தவர்கள் படைக்காரர்கள் மட்டும்தான். உங்கள் கம்பெனி ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. அப்படியிருக்க, கப்பலில் ஏற்றும்போது ஏழுமலைக்கு மூச்சு இருந்தது என்று உங்களிடம் சொன்னது யார்?

அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கள், டைரக்டர் சார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கோமளாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.